நாம் ஏறவிருந்த பாறை

சுண்ணாம்புக் கல்லை எனக்குத் தூளாகத்தான் தெரியும். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேப்பில் எனக்கு வேலை. சுரங்கத்திலிருந்து வரும் கல்லை அரைத்து மாதிரியாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து, நாள் முழுக்கத் தூளைப் பார்த்துவிட்டு, தூளோடு வீட்டுக்குத் திரும்புவேன். என் துணியை உதறும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "படிச்ச வேலைங்கற, மாவு மில்லுலேர்ந்து வர்ற மாதிரியில்ல வர்ற?"

அதே கல் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் அரைபடாமல், வெட்டுப்படாமல், சாம்பலும் மஞ்சளுமாகச் செங்குத்தாக நிற்கிறது என்பதையும், அதில் ஆட்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள் என்பதையும் ஒரு வீடியோவில் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இமாச்சலத்தில் இருக்கிறது அந்த இடம். பேரைச் சொல்ல எனக்கு இப்போது மனசில்லை.

ஏறுவது என்றால் கையை வைத்துக் காலை வைத்து ஏறிவிடுவது இல்லை. அந்த மாதிரி இடங்களில் பாறையில் முன்பே துளை போட்டு இரும்பு போல்ட்டுகளை வரிசையாக அடித்து வைத்திருப்பார்கள். முதலில் ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கியை மாட்டி அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே மேலே போவார். இதற்கு லீட் என்று பெயர். கீழே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே இருப்பவருக்குக் கை வழுக்கினால் கீழே இருப்பவரின் பிடியில்தான் உயிர். ஏறுகிறவரைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். பிடிக்கிறவரை யாரும் எடுப்பதில்லை. எனக்குக் கயிறு பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கும்போது பழக்கம். சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு மலையேற்ற முகாமுக்குப் பேர் கொடுத்தோம், இரண்டு பேருமே ஆசைப்பட்டுப் போகவில்லை. திரும்பி வரும்போது கையெல்லாம் தோல் உரிந்து, இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஊர் வேப்பந்தட்டை. அங்கிருந்து பச்சைமலை அடிவாரத்துக்குப் போகிற வழியில், அவளுடைய மாமா காட்டுக்குப் பின்னால் ஒரு கருங்கல் பாறை இருந்தது. உச்சியில் ஒரு மரம். மரத்தில் ஒரு வளையம் கட்டி, அதில் கயிற்றை நுழைத்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறுவோம். படிப்பு முடிந்து, நான் ஆலைக்குப் போய், அவள் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. எட்டு வருஷம். ஆடு மேய்க்கிற ஒருவர் எங்களை ரொம்ப நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒருநாள் கிட்டே வந்து சொன்னார்: "ஏம்மா, அந்தப் பக்கம் போனா நடந்தே ஏறிடலாமே. யாரும் சொல்லலயா?" அவள் பிடித்த கயிற்றை விடாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சிரித்தேன்.

முகாமில் இங்கிலீஷில் சில வார்த்தைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஏறுமுன் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும். காட்டில் நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம். ஏறுகிறவள் பாறையில் கையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "இருக்கியா?" என்று கேட்பாள். பிடிக்கிறவள் கயிற்றை ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கேன். ஏறு" என்பாள். அந்த "இருக்கேன்" காதில் விழாமல் ஒரு நாளும் தரையை விட்டுக் காலை எடுத்ததில்லை.

ஆனால் மரத்தில் மாட்டின கயிறு மேலேயிருந்து நம்மைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கும். விழுந்தாலும் ஊஞ்சல்தான். போல்ட் மாட்டிக்கொண்டு, கயிற்றை நாமே மேலே கொண்டுபோய் ஏறவேண்டும், ஒரே ஒரு தடவையாவது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தூளாகத் தெரிந்த கல்லை மலையாகப் பார்க்கவேண்டும், அதில் நான் முதலாவதாக ஏறவேண்டும், கீழே அவள் நிற்கவேண்டும். வேறு ஒன்றும் பெரிதாக நான் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் திட்டம் போட ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்பது மரியாதைக்கு. போட்டது நான். அவள் பங்குக்குத் தினமும் ஒரு "சூப்பர்டி" அனுப்புவாள். செந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட்டுக்கு நீட்டுகிற கைகூடத் தெரியாமல் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருப்பேன். எந்த மாசம் பனி போகும், எந்த மாசம் மழை பிடிக்கும், எந்தப் பாறைச் சுவரில் காலையில் வெயில், எதில் சாயங்காலம், அடிபட்டால் பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே, ரயிலை விட்டு இறங்கி எந்த பஸ், அது எங்கே நிற்காது. அவளுக்குச் சோறு இல்லாமல் ஆகாது. ரொட்டியை மூன்று வேளை தின்னச் சொன்னால் மலையை விட்டுக் குதித்துவிடுவாள். அதற்கும் வழி பார்த்தேன்.

அந்த ஊரில் வருகிறவர்களுக்கு அறை விடுகிற ஒருவர் இருந்தார். அவரே அந்தப் பாறைகளில் ஏறுகிறவர். அவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். என் இந்தி டி.வி. பார்த்து வந்த இந்தி. "பாறை நல்லா இருக்கா?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு நான் கேட்டதற்கு அவர், தானும் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றார். அப்படித் தட்டுத் தடுமாறிப் பேசிப் பேசித்தான் ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. நடுச்சுவரில் ஒரு வழி, நான் வீடியோவில் பார்த்து மயங்கின அதே வழி. அதன் உச்சியில் இருந்த பழைய போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டதால் இன்னும் மேலே தள்ளிப் புதிதாக அடித்திருக்கிறார்கள். இணையத்தில் போட்டிருப்பது பழைய உயரம். இப்போது அறுபது மீட்டர் கயிறு அதற்குப் பற்றாது, எழுபது வேண்டும்.

ஏன் பற்றாது என்றால், உச்சிக்குப் போனவரைக் கீழே இறக்கும்போது கயிறு மேலே போய்த் திரும்பி வரவேண்டும். உயரத்தைப்போல் இரண்டு பங்கு நீளம். குறைந்தால், அவர் பாதி வழியில் இருக்கும்போதே கயிற்றின் நுனி பிடிக்கிறவர் கையை விட்டு வழுக்கி ஓடிவிடும். அப்புறம் விழுவதுதான். அதனால் நுனியில் எப்போதும் ஒரு முடிச்சுப் போடுவது வழக்கம். நம் மரக்கயிற்றுக்கு இது தேவைப்பட்டதே இல்லை, அதனால் நமக்குக் கை பழகவில்லை, அங்கே போனால் மறக்கக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். "சூப்பர்டி" என்றாள்.

வீட்டில் அனுமதி வாங்கியது தனிக் கதை. அப்பா முதலில் பேப்பரை மடிக்கவே இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூட யாரு?"

"அவதாம்ப்பா. வேப்பந்தட்டைக்காரி."

"அந்தப் புள்ளயா? அப்பன்னா சரி, போயிட்டு வா."

இருபத்தொன்பது வயதில் இப்படி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்த "சரி" முழுக்க அவள் பேரில் வந்தது என்பதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆலையில் லீவு சொன்னேன். அவளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஏப்ரல் கடைசியில் கிளம்புவதாக இருந்தோம்.

தை பிறந்ததிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸ் என்றாள். பிறகு மண்டலப் போட்டி என்றாள். பிறகு சளி. பி.டி. டீச்சருக்கு இருக்கக்கூடியதுதானே என்று நான் தனியாக வேப்பந்தட்டை வரைக்கும் போய், கயிறு பிடிக்க ஆள் இல்லாமல், பாறையின் அடியில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பழகிவிட்டு வந்தேன். ஆடு மேய்க்கிறவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு எங்க?" உடம்பு சரியில்லை என்றேன். அவள் சொன்ன பொய்யை நானே ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாசம் ஒரு சாயங்காலம் பெரம்பலூரில் அவளைப் பார்த்துவிட்டு அரியலூர் பஸ் ஏறப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். கயிறு வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எழுபது மீட்டர்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்டி. சொல்லிடவா?" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்டி. நாங்க அறுபதே போதும்னு முடிவு பண்ணிருக்கோம்" என்றாள்.

நான் விடுவேனா? நடுச்சுவரைப் பற்றியும், மேலே தள்ளி அடித்த போல்ட்டைப் பற்றியும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் மணியைப் பார்த்துக்கொண்டே "சரிடி, சரிடி" என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பஸ்ஸிலும் கயிறுதான் மண்டையில். அறுபது எப்படிப் போதும், கணக்குத் தெரியாதவளா இவள் என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே, அவள் சொன்னதை அவள் குரலிலேயே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நாங்க அறுபதே போதும்னு.

நாங்க.

அப்போதுதான் காதில் விழுந்தது. அரியலூர் வந்துவிட்டிருந்தது, பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா இறங்குவதற்காக என் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாம அறுபதே போதும் என்றால் அது என்னையும் சேர்த்து எடுத்த தப்பு முடிவு. நாங்க என்றால் நான் அதில் இல்லை. அந்த முடிவு எடுக்கிறபோது யாரோ அவள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். நம் பாஷையில் குழந்தைகூட இந்த ஒன்றில் தவறுவதில்லை. "நாங்க கடைக்குப் போறோம்" என்று அண்ணன் சொன்னால் மூன்று வயதுத் தங்கச்சி அழ ஆரம்பித்துவிடுகிறது, தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அதற்குப் புரிகிறது. எனக்குப் புரிய அரியலூர் வரைக்கும் ஆயிற்று.

வாய் தவறியிருக்கும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். மறுநாள் ஒன்றும் தெரியாத மாதிரி போன் பண்ணினேன். அவளுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் பேச்சில் எங்கே பார்த்தாலும் நாமதான். நாம போறப்ப, நாம இறங்கினவுடனே, நம்ம பாறை. கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் தூவினாள். அதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு நிச்சயமாயிற்று. உண்மையில் நாமாக இருந்தபோது அவள் அந்த வார்த்தையை இத்தனை தடவை சொன்னதே இல்லை.

அந்த வாரமே பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கே போதுமாக இருந்தது. எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"யாரு அந்த நாங்க?" என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். திருச்சியில் ஏறிப் பழகுவதற்கென்று ஒரு செயற்கைச் சுவர் வந்திருக்கிறது. தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அங்கேதான். அங்கே நாலு பேர் பழக்கம். பேச்சுவாக்கில் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொன்னாளாம். அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டதாம். டிக்கெட் போட்டாயிற்றாம்.

"உன்கிட்ட சொல்லலாம்னுதான்டி இருந்தேன்."

"எப்ப? ரயில் ஏறின பிறகா?"

"அப்படி இல்ல. அவங்க எல்லாருமே லீட் பண்ணி பழகுனவங்க. உனக்கு அது பழக்கமில்ல. அங்க வந்து உன்னை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்னா..."

"நீ பண்ணிருக்கியா?"

"திருச்சில பண்ணேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முதல் தடவை லீட் பண்ணும்போது நீ எனக்குக் கயிறு பிடிக்கணும், நான் உனக்குப் பிடிக்கணும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம். அதை யாரோ ஒருவர் கையில் கயிற்றைக் கொடுத்து, ஏ.சி. போட்ட கட்டடத்துக்குள் முடித்துவிட்டு, சளி என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நான் மிளகு ரசம் வைக்கச் சொல்லி பதில் போட்டிருக்கிறேன்.

"உங்க வூட்ல கடைசி நேரத்துல விடமாட்டாங்களோன்னும் பயமா இருந்துச்சுடி" என்றாள்.

"எங்கப்பா உன் பேரைச் சொல்லித்தான்டி சரின்னாரு."

என்னைக் கழட்டிவிட்டாள், அவ்வளவுதான். கொக்கியைக் கழட்டுகிற மாதிரி, சத்தமில்லாமல், ஒரு விரலால். நான் அலைந்து திரிந்து சேர்த்த அத்தனையும், மாசமும் வெயிலும் பஸ்ஸும் சோறும், அவளிடம் இருந்தது. என்னைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறாள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் மழையால் பாதை மூடிவிட்டது என்று சொன்னேன். அம்மா முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கக்கூட முயலவில்லை, அன்றைக்கு வடை சுட்டாள். அப்பா மட்டும், "அந்தப் புள்ளைக்கும் ஏமாத்தமா இருக்குமே" என்றார். ஆமாம் என்றேன். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளைத் திட்டுவார்கள், அவளைத் திட்டுகிற உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தனியாகப் போயிருக்கலாமே என்று தோன்றலாம். போகலாம், பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். பிடிக்க ஆள் இல்லாமல் ஏறுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் முடிந்தது. அவர்கள் கிளம்பியதை அவளுடைய ஸ்டேட்டஸில் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். நான் சொன்ன பஸ். நான் சொன்ன அறை. அறைக்காரர் ஒரு படத்தில் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர்மேல்கூட எனக்குக் கோபமாக இருந்தது, பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மாதிரி ஒன்று உலையில் இருந்ததால் நான் மட்டும் லேப்பில் இருந்தேன். போன் அடித்தது. அவள் பேர். எடுக்கக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டே எடுத்தேன்.

காற்றுச் சத்தம். பின்னால் யாரோ இங்கிலீஷில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், ஒண்ணு கேக்கணும்டி. நடுச்சுவர்ல அந்த ரூட்டு... நெட்ல போட்டிருக்கறத பாத்தா அறுபது மீட்டர் போதும்ங்கறாங்க. நீ ஏதோ சொன்னல்ல? நான்தான் இப்ப ஏறப் போறேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வைத்துவிட்டிருக்கலாம்.

"பத்தாது" என்றேன். "மேல தள்ளி அடிச்சிருக்காங்க. பழைய உயரம்தான் நெட்ல இருக்கு. இறக்கும்போது கயிறு தீந்துடும். நுனியில முடிச்சு போட்டிருக்கா?"

அவள் போனை விலக்கி யாரையோ கேட்டாள். சிரிப்பு நின்றது. கற்கள் மேல் ஆட்கள் நடக்கிற சத்தம் வந்தது. பிறகு அவள் குரல் இறங்கிப் போய் வந்தது.

"போடல. இப்ப போட்டாச்சு. அந்த ரூட்டே வேணாம்னுட்டாங்க."

அவள் விழுந்திருப்பாள். நான் மாசக்கணக்கில் கனவு கண்ட பாறையில், யாரோ பிடித்த கயிற்றில், விழுந்திருப்பாள்.

"இருக்கியா?" என்று கேட்டாள்.

போனில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் குரலில் அது வேறு. பாறையில் கையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்கிற அதே குரல். எட்டு வருஷப் பழக்கம், யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இருக்கேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இந்தப் பாறையப் பாத்தா நீ அழுதுடுவடி. அடுத்த வருஷம் நாம வரணும் இங்க. நாம ரெண்டு பேரு மட்டும்."

நாம. அதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. மேஜைமேல் அரைத்து வைத்த சுண்ணாம்புத் தூள் வெள்ளையாக இருந்தது. காற்றாடியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாங்க இங்க வேலையா இருக்கோம்" என்றேன். "நீங்க பாத்து ஏறுங்க."

அந்தப் பக்கம் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. நீங்க என்றது அங்கே இருக்கிற எல்லாரையுமா, தன்னை மட்டுமா என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்தேன். லேப்பில் என்னைத் தவிர யாரும் இல்லை.